இனிமை குற்றமா? ஸ்மூத் ஜாஸும் அதன் மீதான வழக்கும்



ஸ்மூத் ஜாஸை ‘லிஃப்ட் சங்கீதம்’ என்று ஒதுக்குவோர் பலர். நான் அதை விரும்பிக் கேட்பவன். ஆனாலும் ஒதுக்குவோர் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. எந்தப் பாதி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அவர்கள் தரப்பு. ஜாஸின் உயிர், நம் கச்சேரியின் மனோதர்மம்போல, அந்த நேரத்துக் கற்பனையில் இருக்கிறது. ஒருவர் வாசிக்க, டிரம்ஸும் பாஸும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கமரி 1965இல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் வின்டன் கெல்லி குழுவோடு வாசித்ததைக் கேளுங்கள். அந்தக் கேள்வி பதில் அனல் பறக்கும். 1967இல் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர் அவரை பீட்டில்ஸ் பாடல்களை வாசிக்கவைத்தார். ‘எ டே இன் தி லைஃப்’ ஆல்பத்தில் வயலின்கள் சூழ்ந்தன. மெட்டு முன்னால் வந்தது, கற்பனை பின்வாங்கியது. விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள், ஆல்பம் பெருவெற்றி பெற்றது. பிற்கால ஸ்மூத் ஜாஸுக்குப் பாதை அங்கே போடப்பட்டது. 1976இல் கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் ‘ப்ரீசின்’ ஆல்பம், பில்போர்டின் ஜாஸ், ஆர் அண்ட் பி, பாப் ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது.

அப்படியானால் மென்மைதான் குற்றவாளியா? இல்லை என்பதற்கு என் சாட்சி, சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘வைன்லைட்’ (1980). ஸ்டீவ் காட் டிரம்ஸ், மார்கஸ் மில்லர் பாஸ். ஒலி பட்டுப்போல இருக்கிறது; உள்ளே ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டே வாசிக்கிறார்கள். பில் விதர்ஸ் பாடிய ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’ ஆல்பத்தில் 7 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஸ்டீல்பேன் வாசிப்புக்கும் அங்கே இடமுண்டு. வானொலிக்குப் போன சிங்கிள் 4 நிமிடத்துக்குள் அடங்கியது. பாட்டு தப்பித்தது, வாத்தியங்கள் உலாவும் இடம்தான் வெட்டுப்பட்டது.

அந்தக் கத்தரி பின்னாளில் ஒரு தொழிலாகவே ஆனது. 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் கேஎம்இடி என்ற ராக் வானொலி நிலையம் ‘தி வேவ்’ என்ற மென்மையான இசை நிலையமாக மாறியது. அதே காலத்தில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் இதே பாணி நிலையங்கள் எழுந்தன. பாடல்களின் சிறு துண்டுகளை நேயர்களுக்குப் போட்டுக்காட்டி, அவர்கள் முகம் சுளித்தவற்றை நீக்கினார்கள். யாரையும் உறுத்தாததே தகுதி என்றானது. நீண்ட தனிவாசிப்பு உறுத்தும். திடீர்த் திருப்பம் உறுத்தும். அவை போனபின் மிஞ்சியதைத்தான் பலர் ஸ்மூத் ஜாஸ் என்று அறிந்தார்கள். 2008இல் நியூயார்க் நிலையமும் 2009இல் சிகாகோ நிலையமும் அந்த இசையைக் கைவிட்டன. யாரும் வெறுக்காததை யாரும் தேடிவருவதில்லை.

சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி பெயரைச் சொல்லாமல் இந்த வழக்கு முடியாது. அவருடைய ‘பிரெத்லெஸ்’ ஆல்பம் (1992) அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 1999இல், மறைந்த ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவின் மேல் தம் சாக்ஸபோனைச் சேர்த்து வெளியிட்டார். கிதார் கலைஞர் பாட் மெத்தினி கொதித்தெழுந்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கென்னி ஜி ஆர்ம்ஸ்ட்ராங்குக்குப் பதில் சொல்லலாம். ஆர்ம்ஸ்ட்ராங் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. உரையாடல் ஒருவழியானால் ஜாஸ் அங்கே இல்லை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்மையாக இருக்கிறதே என்று எந்த இசையையும் தள்ளாதீர்கள். இனிமையாக இருக்கிறதே என்று ஏற்கவும் வேண்டாம். முன்னால் நிற்கும் சாக்ஸபோனை விட்டுவிட்டு, ஒருமுறை டிரம்ஸையும் பாஸையும் மட்டும் பின்தொடருங்கள். அவை பதில் சொல்கின்றனவா, வெறுமனே தாளம் காட்டுகின்றனவா? தீர்ப்பை அதன்பின் நீங்களே எழுதலாம். இந்த இசைவகை முழுமைக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது என்பதும் அப்போது தெரியவரும்.