வாவிக்கரை வரலாறும் கடல் கடந்த கல்வியும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் பாடும் மீனில் தொடங்கிப் பாடும் மீனிலேயே முடித்துவிடுவர். வாவி நடுவே புளியந்தீவில் நிற்கும் கோட்டைக்கும் ஒரு கதை உண்டு. அதனை அறிய விரும்பும் மாணவன் கடல் கடந்து செல்ல நேர்வதே வியப்பு.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டளவில் அமைத்த அக்கோட்டையை 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். சில நாட்களுள், அவர்தம் கப்பற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்டுக்கும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் இடையே மட்டக்களப்பிலேயே ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்றது அதன் மூன்றாம் பிரிவு. மன்னன் பெற்ற போர்த்துக்கேய மொழிப் படியில் ‘மன்னன் விரும்பினால்’ என்னும் பொருள்பட ஒரு தொடர் இருந்தது; ஒல்லாந்தர் படியிலோ அது காணப்படவில்லை. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனை மன்னனுக்குக் கொடாது தாமே வைத்துக்கொண்டனர். ஒரு தொடரின் விலை அத்தகையது! ஒரு மொழி மட்டும் கற்றவன் இவ்வழக்கில் ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டுமே கேட்டவனாவான்.

இலங்கையிலிருந்து இலண்டன் சர்வகலாசாலைக்குச் சென்று கலாநிதிப் பட்டம் பெற்ற இருவர் இத்துறையில் வழி திறந்தனர். கே. டபிள்யூ. குணவர்த்தன 1638 முதல் 1658 வரையும், யாழ்ப்பாணத்துச் சின்னப்பா அரசரத்தினம் 1658 முதல் 1687 வரையும் ஆராய்ந்தனர். இருவர் நூல்களும் 1958இல் வெளிவந்தன. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தரின் கையெழுத்து, அம்மொழி பேசுவோரையே திணறச் செய்வது. அரசரத்தினமோ அம்மொழியில் எழுதப்பெற்ற வலன்டைனின் இலங்கை விவரணத்தைப் பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்த்தார்.

ஒல்லாந்தக் கம்பனியின் ஏடுகள் ஹேக் நகரில் மட்டுமன்றிக் கொழும்பிலும் சென்னையிலும் உள்ளன. ஆயினும் அவற்றை வாசிக்கும் பயிற்சிக்கு நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லெய்டன் சர்வகலாசாலை ஆசிய மாணவரை வரவழைத்து, மொழியையும் பழைய எழுத்தையும் கற்பித்த பின்னரே ஆராய்ச்சியில் இறக்கியது.

கோட்டையையும் வரியையும் வாணிகத்தையும் கம்பனிக் கடிதங்கள் சொல்லும். குடிமரபையும் கோயில் முறையையும் அறிய, ஏட்டுச் சுவடிகளிலிருந்து எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ போன்றவற்றையே நாடவேண்டும். லெய்டனிலிருந்து மீளும் மாணவனுக்கு வாவிக்கரையில் இன்னொரு பழைய எழுத்துக் காத்திருக்கிறது.