முத்துலட்சுமியும் சத்தியமூர்த்தியும் ஒரு மானிய நிலமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த மன்னர் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பிறகு பொறியியலுக்குப் போனவன் நான். "இஞ்சினியர் சட்டத்தைப் பத்தி என்னய்யா பேசப் போறே?" என்றார் நண்பர் ஒருவர். எந்தத் தூணில் பாரம் இறங்குகிறது என்று பார்ப்பதுதானே எங்க தொழில்? அதையேதான் இங்கேயும் பார்க்கப் போகிறேன்.

1904-ல், மகாராஜா கல்லூரியாக இருந்த இதே கல்லூரிக்கு ஒரு பெண் படிக்க வந்தார். பெயர் முத்துலட்சுமி. தகப்பனார் நாராயணசாமி ஐயர் இங்கே முதல்வராக இருந்தவர்; தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பையன்கள் கல்லூரியில் பொண்ணா என்று எதிர்ப்பு. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-ல் அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். இன்னிக்கு நம்ம கிராமங்களில் முத்துலட்சுமி ரெட்டி என்றால் மகப்பேறு நிதியுதவிதான் ஞாபகத்துக்கு வரும்.

இங்கே படித்த இன்னொருவர் திருமயம் சத்தியமூர்த்தி. வக்கீல், பெரும் பேச்சாளர், சங்கீதப் பிரியர். (பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் என்பதால் எங்க இஞ்சினியர் கூட்டத்துக்கும் கொஞ்சம் சொந்தம்.)

இந்த இருவரும் சென்னைச் சட்டமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். கோயிலில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-ல் முத்துலட்சுமி தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய வித்வாம்சினிகளும் எதிர்த்தார்கள். எல்லோரையும் ஒரே பேர் சொல்லி இழிவு பண்ணாதீர்கள் என்பது அவர்கள் முறையீடு. அது நியாயமான மனக்குறை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இங்கேதான் மானியம் வருகிறது. கோயில் ஊழியத்துக்காகக் குடும்பத்துக்கு நிலம் விட்டிருப்பார்கள். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். நிலம் நிலைக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். பக்தி, கலை என்று மேலே என்ன பூச்சு பூசினாலும் பாரம் இறங்குகிற தூண் இதுதான். இதை அப்படியே விட்டுவிட்டுத் தடை மட்டும் போட்டால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிலத்தையும் ஊழியக் கட்டாயத்தையும் பிரித்தார்கள். பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. பொட்டுக் கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணமும் செல்லும் என்று அது சொன்னது. முதலில் முட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் தூணை எடுப்பது போல! இதில் ஒரு வேடிக்கை. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல் இணைகிற வரைக்கும் சென்னைச் சட்டம் முத்துலட்சுமி பிறந்த ஊருக்குள் நுழைய முடியாது.

கலை என்ன ஆச்சு? கலை அழியவில்லை. சதிர் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்குப் போனது. அதை அதுவரை சுமந்த பெண்களில் பலருக்கு மேடை போனது. கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த நம்ம ஊர் மான்பூண்டியா பிள்ளையைத் தெரியும், லய மேதை தட்சிணாமூர்த்தி பிள்ளையைத் தெரியும். நம்ம சமஸ்தானத்தில் சதிராடிய ஒரு பெண்ணின் பெயரை இந்த அரங்கில் யாராவது சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. வரலாற்றுத் துறை மாணவர்கள் யாராவது தேடி எழுதினால், அடுத்த மலரில் போடச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. இங்கே பட்டம் முடித்துச் சட்டக் கல்லூரிக்குப் போகும் மாணவி ஒருவருக்கு ஆண்டுதோறும் முதல் வருடக் கட்டணத்தை நம் சங்கம் கட்டலாம். செயலாளர் அண்ணன் இங்கேயே நிற்கிறார். என் பங்கு ஐயாயிரத்தை இப்பவே அவர் கையில கொடுத்திடறேன். மாணவிகள் பெயர் கொடுக்க வேண்டியது அவரிடம்தான்.