படுகொலைக்குப் பின் எஞ்சும் பெயர்கள்



யூத இனப்படுகொலையின் நடுவே பிறந்த கலையைப் பற்றிப் பேசுவோர் டெரசின் முகாமை மறக்க இயலாது. வியன்னாவில் பிறந்த ஓவியர் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ், கம்யூனிஸ்டுகளோடு இணைந்து பணியாற்றிச் சிறை கண்டவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை அம்முகாமில் அடைத்தனர். அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர் ஓவியம் கற்பித்தார். ஒவ்வொரு தாளிலும் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என வற்புறுத்தினார். நாஜிகளின் பட்டியலில் அக்குழந்தைகள் எண்கள் மட்டுமே. 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். குழந்தைகளுள் மிகப் பலரும் மாண்டனர். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட சுமார் 4,500 ஓவியங்கள் பிழைத்தன.

தில்லியிலும் மனிதர்கள் எண்ணாக்கப்பட்டனர். 1984 நவம்பரின் முதல் நாட்களில் இத்தலைநகரில் கொல்லப்பட்ட சீக்கியர், அரசுக் கணக்கின்படி 2,733 பேர். மிகக் கொடிய கொலைகள் நடந்த இடங்களுள் ஒன்று திரிலோக்புரி. நெருக்கடிநிலைக் காலத்தில் குடிசைகளிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட உழைப்பாளிகளைக் குடியேற்றிய பகுதி அது. அங்கு மாண்டோரில் பலர் கயிற்றுக் கட்டில் பின்னிப் பிழைத்த லபானா சீக்கியர். மக்களின் ஆத்திரம் என்று அன்று காரணம் கூறப்பட்டது. வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி வீடு தேடி வரும் ஆத்திரம் உலகில் எங்கேனும் உண்டா?

அந்த ஆண்டே ஓவியர் அர்ப்பணா கௌர் ஓர் ஓவிய வரிசையைத் தீட்டினார். ‘உலகம் தன் போக்கில் செல்கிறது’ என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பே குற்றச்சாட்டு.

புகைப்படக் கலைஞர் கௌரி கில் 2005இலும் 2009இலும் திரிலோக்புரிக்கும், கைம்பெண்கள் குடியமர்த்தப்பட்ட திலக் விஹாருக்கும் சென்றார். அவர் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களில் கதறல் இல்லை; வீடு, சுவர், அமர்ந்திருக்கும் பெண், மாண்டவரின் பழைய படம். 2013இல் விசாரணை நீதிமன்றம் சஜ்ஜன் குமாரை விடுவித்தது. அதே ஆண்டு கௌரி கில் அப்படங்களைப் பிற கலைஞர்கள், எழுத்தாளர்களின் குறிப்புகளோடு ‘1984’ என்னும் ஏடாக்கி, எவரும் விலையின்றி அச்சிட்டுக்கொள்ள வெளியிட்டார். கலைச்சந்தைக்குள் முடங்காத அம்முடிவு, படங்களுக்கு நிகரான மதிப்புடையது.

காலம் காயத்தை ஆற்றும் என்பர். திலக் விஹாரில் அது பொய்த்தது. குற்றவாளி அதிகாரத்தில் உலவுகையில், மறந்துவிடு என்று கைம்பெண்ணிடம் கூறுவது மருந்தாகுமா? கலை அவளுக்கு நீதியைத் தராது. நீதி வரும்வரை கோப்பு மூடப்படாமல் அது காக்கும்.

2017 ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு அருகே, ரகாப்கஞ்ச் குருத்வாரா வளாகத்தில், ‘உண்மையின் சுவர்’ திறக்கப்பட்டது. மாண்டோரின் பெயர்களைத் தாங்கும் அச்சுவரை எழுப்பியது அரசன்று, குருத்வாரா குழு.

2018 டிசம்பர் 17 அன்று தில்லி உயர்நீதிமன்றம் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இனப்படுகொலை என்னும் குற்றம் நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை, இக்குறை விரைந்து களையப்பட வேண்டும் என அத்தீர்ப்பு சுட்டியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அக்குற்றம் இல்லை.