எத்தனை பேர் வந்தார்கள்?



ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இன்று கூட்டம் எப்படி?" என்பதுதான். மறையுரை எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. (பிரசங்கம் செய்பவர்களுக்கு அதில் ஓர் ஆறுதலும் உண்டு!) தலைகளை எண்ணுவது நமக்குப் பழகிப்போன வேலை. அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்துக்கு வரும் கூட்டத்தையும் அப்படித்தான் எண்ணி வருகிறார்கள். அந்த எண்களை இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1997 ஜூன் 21 அன்று, டபிள்யூ.என்.பி.ஏ. எனப்படும் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் முதல் ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் அரங்கில் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 14,284 பேர். அடுத்த ஆண்டு, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் மேல். அதன்பின் கூட்டம் மெல்ல மெல்ல வடிந்தது. முதல் நான்கு கோப்பைகளையும் தொடர்ந்து வென்ற ஹூஸ்டன் காமெட்ஸ் அணியை, வாங்கி நடத்த ஆள் கிடைக்காமல், 2008-இல் கலைத்துவிட்டார்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் பேரரங்கில் ஆடிவந்த நியூயார்க் லிபர்ட்டி அணியை, 2018-இல் புறநகரிலுள்ள சிறிய கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். பிறகு, "பாருங்கள், பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டமே இல்லை" என்றும் பேசப்பட்டது. நாற்காலியை எடுத்துவிட்டு, உட்கார ஆளில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்?

வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணியின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அவர்கள் வழக்கமாக ஆடும் அரங்கில் 4,200 இருக்கைகள். எவ்வளவு அருமையாக ஆடினாலும் அங்கே 4,201-ஆவது ஆள் வர முடியாது. 2024 செப்டம்பர் 19 அன்று, கெய்ட்லின் கிளார்க் ஆடும் இண்டியானா அணி வருகிறது என்பதால், ஆட்டத்தை நகரின் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். அன்று 20,711 பேர்! தொடரின் வழக்கமான சுற்று ஆட்டங்களில் அதுவரை காணாத கூட்டம்.

அந்த இண்டியானா அணி 2023-இல் சொந்த ஊரில் ஆடியபோது சராசரியாக நான்காயிரம் பேர் வந்தார்கள். கிளார்க் சேர்ந்த 2024-இல் பதினேழாயிரம். ஆனால் 2023-இன் சிறந்த புதுமுக வீராங்கனை விருதை ஒரு வாக்குகூடச் சிதறாமல் பெற்ற அலியா பாஸ்டன், அந்த நான்காயிரம் பேர் முன்தான் ஆடினார். அவருடைய ஆட்டத்துக்கு மதிப்புக் குறைவா?

ஐந்து அப்பம் இரண்டு மீன் நிகழ்வு நமக்குத் தெரியும். ஐயாயிரம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஆண்களின் கணக்கு மட்டுமே. பெண்களும் பிள்ளைகளும் அதில் சேரவில்லை என்பதை மத்தேயு மறைக்காமல் எழுதியிருக்கிறார். எண்ணப்படாதவர்களும் அங்கே புல்தரையில் அமர்ந்திருந்தார்கள், உண்டார்கள்.

2020-இல், கொரோனா காலத்தில், எல்லா அணிகளும் ஃபுளோரிடாவில் பிரேடன்டன் என்ற ஒரே இடத்தில் தங்கி ஆடின. ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஆண்டின் வருகைப் பதிவில் இருக்கக்கூடிய எண் பூஜ்யம்தான். காலி இருக்கைகளுக்கு முன்னால் சியாட்டில் பெண்கள் கோப்பையை வென்று, ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.