ஆத்தூர் அணைக்கு பேட்டரி சைக்கிளில்



பேட்டரி சைக்கிள் என்றதும் வேகம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர். இந்த வரம்புக்குள் இருந்தால் நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஆனால் அதன் அருமை வேகத்தில் இல்லை. மேட்டில் ஏறும்போதும் மூச்சு வாங்காததால், சுற்றிலும் பார்க்கவும் கேட்கவும் நமக்குத் தெம்பு மிச்சமிருக்கிறது. இதை அனுபவிக்கத் திண்டுக்கல் பக்கத்தில் ஆத்தூர் காமராஜர் அணையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆத்தூரில் இருந்து அணைக்குச் சுமார் 6 கிலோமீட்டர். இருபுறமும் வயலும் தென்னந்தோப்பும். நேர் எதிரே கீழ்ப்பழனி மலை. அந்த மலை மேற்கே இருப்பதால் காலையில் போவதே சிறப்பு. வெயில் நம் முதுகில் படும், மலைமுகம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். மாலையில் போனால் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். அதுவரை கண் கூசுவதுதான் மிச்சம்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று இந்தச் சமவெளியில் ஆளையே தள்ளும். நல்லவேளையாக, போகும்போதுதான் அது எதிர்க்காற்று. அப்போது பேட்டரி நிறைந்திருக்கும். திரும்பும்போது காற்றே தள்ளிவிடும், மோட்டாரை அணைத்துவிட்டு மிதிக்கலாம். பயணம் வகுப்பதில் பாதி வேலை இந்தக் கணக்குதான். ஆனாலும் என்னைக் கேட்டால் தை மாதத்தையே சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் உறைக்காது. மழை ஏமாற்றாத வருடமென்றால் சுமார் 400 ஏக்கர் நீர்ப்பரப்பு மலையடிவரை விரிந்து கிடக்கும்.

முள்ளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மண்பாதையில் இறங்கினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். விலை குறைந்த பேட்டரி சைக்கிள்களில் மோட்டார் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற முனையாதீர்கள்; வயர் இணைப்பு அதோடு வரும். சைக்கிளைச் சாய்த்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுங்கள். முள்ளைப் பிடுங்கி, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய்ந்தபின் ஒட்டுப்போடுங்கள். டயருக்குள் விரலால் மெல்லத் தடவிப் பார்க்க மறக்க வேண்டாம். இன்னொரு முள் முனை ஒடிந்து உள்ளேயே நிற்கலாம்.

அணையைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுப் போட்டுவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் மலைப்பக்கம் இருப்பது யானையும் காட்டுமாடும் நடமாடும் காடு. வனத்துறை அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். அதிலும் பேட்டரி சைக்கிள் சத்தமே இல்லாமல் போவது. திருப்பத்தில் ஒரு காட்டுமாட்டின் முன்னால் போய் நின்றால் அதுவும் மிரளும், நாமும் மிரளுவோம். கரைப்பக்கம் பொதுவழி உள்ளவரை போய், நிதானமாக நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். நல்ல பயணத்துக்கு அரைச் சுற்றே போதும்.

திண்டுக்கல் நகரத்துக்கும் சின்னாளபட்டிக்கும் குடிநீர் இந்த அணையில் இருந்தும் போகிறது. சேறு படிந்த சைக்கிளை அதில் இறக்கிக் கழுவாதீர்கள். கொண்டுபோன பாட்டிலையும் பொட்டலத் தாளையும் திரும்ப எடுத்து வாருங்கள், நேயர்களே.