வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடி
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் காமயகவுண்டன்பட்டிக்காரன். அப்பா கொத்தனார். பூசி முடித்த சுவரில் டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். "நேரா அடிச்சா எல்லாச் சுவரும் வழவழன்னுதாண்டா தெரியும். சாய்ச்சுப் புடி, மேடு பள்ளம் தெரியும்" என்பார். கேமராவால் உலோகப் பரப்பின் சொரசொரப்பை அளக்கும் என் தொழிலுக்கு அதுதான் முதல் பாடம்.

நம் லேபில் வைர முனையை இரும்பின்மேல் இழுத்து, ஏற்ற இறக்கத்தின் சராசரியை மைக்ரானில் எழுதினோமே, நினைவிருக்கிறதா? அது ஒரு கோட்டை மட்டுமே அளக்கும், நேரமும் பிடிக்கும். கேமரா தொடாமலே ஒரு பரப்பைப் பார்த்துவிடும். ஆனால் அது பார்ப்பது மேடு பள்ளத்தை அல்ல, வெளிச்சத்தையும் நிழலையும்தான். படத்தில் அடுத்தடுத்த புள்ளிகளில் எந்த வெளுப்போடு எந்தக் கருமை எத்தனை முறை ஜோடி சேருகிறது என்று எண்ணி அட்டவணை போடுவார்கள். அதிலிருந்து 14 அளவுகளைக் கணக்கிடும் வழியை 1973-இல் ஹராலிக், சண்முகம், டின்ஸ்டீன் மூவரும் வெளியிட்டார்கள். 1996-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ரமணாவும் ராமமூர்த்தியும் எந்திரத்தில் செய்த பரப்புகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு எழுதினார்கள்.

இனி என் தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் கேமராவைப் பொருத்தியவன் நான். ஒரு நைட் ஷிஃப்டில் தட்டுத் தட்டாகப் பாகங்கள் ரிஜெக்ட் ஆயின. கிரைண்டிங் ஆபரேட்டருக்கு மெமோ போயிற்று. ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது. "சார், நகத்தால தேய்ச்சுப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் கேட்கவில்லை.

மறுநாள் மனசு உறுத்தியது. 5 பாகங்களை எடுத்து வைர முனையால் அளந்தேன். ஐந்தும் சரி! விளக்கின் தாங்கி தளர்ந்து, வெளிச்சம் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. நீண்ட நிழலைக் கேமரா சொரசொரப்பு என்று கணக்கிட்டுவிட்டது. மெமோவைத் திரும்பப் பெறச் செய்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அன்று முதல், அளவு தெரிந்த மாதிரித் துண்டு ஒன்றைக் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் ஷிஃப்டைத் தொடங்குகிறோம். அதிலேயே தப்பு வந்தால் முதலில் விளக்கைப் பார்ப்போம். ஆளைக் கேட்பது அப்புறம்.

தம்பி தங்கைகளே, இப்போது கம்ப்யூட்டர் படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. அதற்கும் நாம் தரும் வெளிச்சம்தான் ஆதாரம். ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் அளக்காதீர்கள். நாளை நீங்கள் எழுதும் எண்ணுக்குப் பின்னால் ஒருவருடைய சம்பளம் இருக்கும்.