செவியைச் சோதித்துவிடுங்கள்

பச்சிளங்குழந்தைக்கு பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்றால், நரம்பில் ஊசியோடு 2, 3 வாரம் ஆஸ்பத்திரிதான். வீடு திரும்பிய பிறகும், பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலே பெற்றவர்களுக்கு நெஞ்சு பதறும். எழுப்பி எழுப்பிப் பார்ப்பார்கள், உச்சிக்குழியைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். பெரியவர்களே, அந்தப் பயத்தைக் கடிந்துகொள்ளாதீர்கள். இரவில் ஒரு வேளையாவது பிள்ளையை வாங்கிக்கொண்டு அவர்களைத் தூங்கவிடுங்கள்.

மூளைக்காய்ச்சல் செவியைப் பாதிக்கலாம் என்பதால், செவித்திறன் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. வீட்டுக்கு அனுப்பும் முன்போ, குணமாகி 4 வாரத்துக்குள்ளோ செய்துவிட வேண்டும். கைதட்டினால் திடுக்கிடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் காய்ச்சலுக்குப் பின் உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அப்புறம், கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்துவது கடினம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. விசாரியுங்கள்.